அண்ணாவின் முறைப்பாட்டுக் கோவையை மறுபடி திறக்கலாமா?

கேள்வி: 1990இல் களுவாஞ்சிகுடியில் அண்ணா காணாமற்போனார். நாங்கள் கனடாவில், அம்மா ஊரில். இனியும் முறையிடலாமா?

பதில்: முறையிடலாம். இலங்கையின் 2016ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. போகமுன் பழைய பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம் தந்த துண்டு, முன்பு விசாரணை ஆணைக்குழு ஏதும் தந்த இலக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். சிக்கல் வருவது பெயரில்தான்: ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர், ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டல். எல்லா வடிவங்களையும் எழுதிக் கொடுங்கள். ஆளை அடையாளம் காண உதவும் விபரங்களை, பல் பிடுங்கியது, எலும்பு முறிந்தது போன்றவற்றை அம்மாவிடம் இன்றே கேட்டுக் குறியுங்கள். மரபணு ஒப்பீட்டுக்குத் தாயின் மாதிரி மிகப் பெறுமதியானது; அதிலும் பிந்தவேண்டாம். காணி விடயத்துக்காக மரணச் சான்றிதழ் எடுக்கச் சிலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள், காணாமற்போனமைக்கான சான்றிதழும் அதற்கு உதவும், தேடலும் நிற்காது.