முதல்ல குடுக்கறதை வாங்கிக்கோங்க

அன்புள்ள ஐயா,

நான் தரங்கம்பாடி பக்கம் ஒரு லுத்தரன் குடும்பத்துல பொறந்தவன். இப்ப சென்னையில ஐடி வேலை. ஞாயித்துக்கிழமை நம்ம சபைக்குத்தான் போறேன், ஆனா சொல்லவே கஷ்டமா இருக்கு, பிரசங்கம் மனசுல ஒட்ட மாட்டேங்குது. எந்த ஞாயிறுக்கு எந்த வேதபகுதின்னு சபையில ஒரு அட்டவணை உண்டு, அன்னிக்கு அதுல என்ன பகுதியோ அதையே ஐயர் (எங்க போதகர்) பேசுறார். எனக்கு வேலையில ஆயிரம் பிரச்சனை, அம்மாவுக்கும் உடம்பு சரியில்ல, அன்னிக்குன்னு பாத்து பத்து குஷ்டரோகிகள் கதை. வீட்டுக்கு வந்து யூட்யூப்ல வேற ஊழியர்களை (பிரசங்கியார்களை) கேட்டா நம்ம வாழ்க்கைக்குத் தேவையானதை நேரா சொல்றாங்க, மூணு பாயிண்ட் நாலு பாயிண்ட்னு நினைவுல நிக்குது. அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்), லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), திரித்துவம் (பெந்தெகொஸ்தேவுக்கு அப்புறம் வர்ற நீளமான காலம்)னு வருஷா வருஷம் இதே சுத்து நமக்குத் தேவையா? பீடத்துணி கலர் மாத்தறதால யாருக்கு என்ன லாபம்? அப்புறம், எங்க ஏரியா பசங்களுக்கு ஒரு வேத ஆராய்ச்சி வகுப்பு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எந்தப் புஸ்தகத்தை வச்சு நடத்தலாம்?

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? அதை அரை வரியில சொல்லிட்டு யூட்யூபுக்குப் போயிட்டீங்க. அடுத்த தடவை எழுதும்போது முதல்ல அதை எழுதுங்க.

பீடத்துணி கலர் பத்தி விவாதம் பண்ண எனக்கு இஷ்டமில்ல. ஊதாவைப் பாத்தா லெந்து, பச்சையைப் பாத்தா திரித்துவ காலம்னு எழுத்து தெரியாத ஆளுக்கும் தெரியும், அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல. நான் பதில் எழுத உக்காந்ததுக்குக் காரணம் அந்தப் பத்து குஷ்டரோகிகள். உங்க அம்மா படுத்திருக்கிற வாரத்துல, தூரத்துல நின்னு "ஐயரே, எங்களுக்கு இரங்கும்"னு தொண்டை கிழியக் கத்தின பத்து நோயாளிகளைப் பத்தி உங்க காதுல வாசிச்சிருக்காங்க. "இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டு எனக்குக் கடிதம் போடுறீங்க! இதைவிட சம்பந்தமா எந்த ஊழியர் தம்பி உங்களுக்குத் தேடி எடுத்துக் குடுத்திருப்பார்?

ஆனா தப்பு முழுக்க உங்களோடதும் இல்ல. பத்துப் பேரும் சுத்தமானாங்க, ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். உங்க ஐயர் அன்னிக்கு எப்படி முடிச்சிருப்பார்னு நானே சொல்றேன். "அந்த ஒன்பது பேரைப் போல நாமும் நன்றி கெட்டவர்களாய் இராதபடிக்கு..." அதானே? நோயாளிங்க கத்தினது, இயேசு பாத்தது, போற வழியிலேயே சுத்தமானது எல்லாத்தையும் ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டு, மிச்ச நேரம் பூரா நன்றி சொல்லாதவங்களைத் திட்டி உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இதைத்தான் நான் ரொம்ப நாளா மனசுல போட்டு அரைச்சுக்கிட்டிருக்கேன்.

அட்டவணையைப் பத்தி முதல்ல ஒரு வார்த்தை. நம்ம சபைக்குப் பேர் குடுத்த ஜெர்மன் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தருக்கே அது மேல கோவம் உண்டு. 1523-ல லத்தீன் ஆராதனை முறையைத் திருத்தி எழுதினப்போ, இந்த நிருபப் பகுதிகளை (அப்போஸ்தலர் கடிதங்களை) பொறுக்கினவன் படிப்பறிவில்லாதவன், கிரியைகள் (நற்செயல்கள்) மேல மூடபக்தி உள்ளவன், விசுவாசத்தைச் சொல்ற பகுதிகளுக்குப் போதிய இடமே குடுக்கலன்னு திட்டினார். திட்டிட்டுத் தூக்கிப் போட்டாரா? இல்ல, வச்சுக்கிட்டார். 1526-ல ஜெர்மன் முறையை எழுதும்போதும் ஞாயிறு பகுதிகளையும் அதுக்கான விளக்கப் பிரசங்கங்களையும் விட வேண்டாம்னார், இல்லேன்னா ஆளாளுக்குத் தோணினதைப் பேசி கடைசியில நீல வாத்தைப் பத்தி, அதாவது இல்லாத கதையைப் பத்தி, பிரசங்கம் பண்ற நிலைமை வந்துடும்னு எழுதினார். நீங்க யூட்யூப்ல கேக்கிறதுல எவ்வளவு நீல வாத்துன்னு யோசிச்சுப் பாருங்க. பேசறவருக்கு இந்த வாரம் பணம் பத்திப் பேசணும்னு தோணினா பணம், கல்யாணம்னு தோணினா கல்யாணம், வசனம் பின்னாடியே இழுபட்டு வரும். அட்டவணை இருந்தா அவர் நினைச்சாலும் தப்பிக்க முடியாது, அவருக்குப் பிடிக்காத பகுதியும் ஒரு நாள் வந்து முன்னால நிக்கும்.

இப்ப நான் சொல்ல வந்தது. லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில ஒளிஞ்சிருந்த காலத்துல எழுதின ஞாயிறு பிரசங்கங்கள் 1522-ல அச்சில வந்தது, அதுக்கு முன்னால ஒரு சின்ன முன்னுரை. சுவிசேஷத்துல எதைத் தேடணும், எதை எதிர்பாக்கணும்னு சொல்றது அது. சாரம் இதுதான்: கிறிஸ்துவை முதல்ல தேவன் உங்களுக்குக் குடுத்த ஈவா வாங்கிக்கணும், அவர் செஞ்சது பட்டது எல்லாம் உங்களோடது. அதுக்கு அப்புறம்தான் அவரை முன்மாதிரியா எடுத்துக்கலாம். முன்மாதிரி மட்டும் போதும்னா மத்த பரிசுத்தவான்களைவிட அவரால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லேன்னே சொல்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! இதை ஒவ்வொரு பிரசங்க பீடத்துலயும் உள்பக்கமா, பேசறவர் கண்ணுல படற மாதிரி ஒட்டி வைக்கணும்னு நான் சொல்வேன்.

நீங்க வெறும் சுத்துன்னு சொல்ற திருச்சபை வருஷமும் இந்த வரிசையிலதான் போகுது, பாருங்க. அட்வெந்துல ஆரம்பிச்சு பெந்தெகொஸ்தே வரைக்கும் வருஷத்துல பாதி. வந்தார், பொறந்தார், சோதிக்கப்பட்டார், பாடுபட்டார், மரிச்சார், எழுந்தார், ஏறிப்போனார், ஆவியைக் குடுத்தார். இதுல நீங்க செஞ்சது என்ன? ஒண்ணுமில்ல, எல்லாம் அவர் செஞ்சது. அப்புறமாத்தான் அந்தப் பச்சை ஞாயிறுகள் வரிசையா வருது, ஈஸ்டர் சீக்கிரம் வந்த வருஷத்துல திரித்துவத்துக்குப் பின் 27 ஞாயிறு வரைக்கும்கூட போகும், அதுலதான் எப்படி வாழணும் எப்படி நடக்கணும்ங்கிற பேச்சு நிறைய. உங்க மூணு பாயிண்ட் ஊழியர்களுக்கு வருஷம் பூரா பச்சைதான்.

லெந்து முதல் ஞாயிறை எடுத்துக்கோங்க, மத்தேயு 4. "சோதனையை ஜெயிக்க மூன்று வழிகள்" கேட்டிருப்பீங்க. உபவாசம் பண்ணு, வசனம் மனப்பாடம் பண்ணு, பிசாசை எதிர்த்து நில்லு. இதுல இயேசு வெறும் ஜிம் டிரெய்னர், எப்படித் தூக்கணும்னு காட்டுவார், தூக்க வேண்டியது நீங்க. ஆனா அந்தப் பகுதியில அவர் சொல்ற மூணு பதிலும் உபாகமத்துல இருந்து. இஸ்ரவேல் 40 வருஷம் வனாந்தரத்துல தோத்துத் தோத்து விழுந்த கதையைச் சொல்ற புஸ்தகம் அது. அவங்க தோத்த இடத்துல, ஆதாம் தோத்த இடத்துல, நமக்குப் பதிலா ஒருத்தர் நின்னு ஜெயிச்சிருக்கார். சோதனையில விழுந்துட்டு வந்து பெஞ்சில உக்காந்திருக்கிறவனுக்கு மூணு வழி எதுக்கு தம்பி? அவனுக்கு ஜெயிச்சவர் வேணும்.

அடுத்த ஞாயிறு, பழைய ஒரு வருஷ அட்டவணைப்படி, மத்தேயு 15, கானானிய ஸ்திரீ, பிசாசு பிடிச்ச தன் மகளுக்காக இயேசுகிட்ட கெஞ்சின புறஜாதிப் பொம்பளை. இது வந்தா எனக்கு எங்க அப்பாயி ஞாபகம் வந்துடும். எங்க ஊர் சபை ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீள அறை, பொம்பளைங்க எல்லாம் தரையில பாய் போட்டு உக்காருவாங்க. உபதேசியார் பாதியில வாசிப்பை நிறுத்திக் கேள்வி கேக்கிற பழக்கம் உள்ளவர். அன்னிக்கு, பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடறது நல்லதல்லங்கிற இடத்துல நிறுத்தி, "இப்படிச் சொல்லிட்டாரே, உங்களுக்குக் கோவம் வரலியா"ன்னு கேட்டார். ஒருத்தரும் வாயத் திறக்கல. அதுல பாதிப் பேர் பண்ணை வீட்டு வாசல்ல அந்த வார்த்தையை நிஜமாவே வாங்கி வளந்தவங்க. அப்பாயிதான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு சொல்லுச்சு: "நாயின்னா நாயாவே இருந்துட்டுப் போறோம் ஐயா, நாய்க்கு உண்டானதைக் குடுத்துடச் சொல்லுங்க."

1525-ல வந்த லெந்து பிரசங்கத் தொகுப்புல லூத்தர் இதே பகுதிக்கு இதையேதான் சொல்றார். அந்தப் பொம்பளை நாயின்னு ஒத்துக்கிட்டு நாயோட உரிமையை, மேஜையில இருந்து விழற துணிக்கையை, கேட்டா, கிறிஸ்து தன் வார்த்தையிலேயே மாட்டிக்கிட்டார், இனி எங்க போவார்ன்னு. அப்பாயிக்கு யாரும் லூத்தரை வாசிச்சுக் காட்டினதில்ல. குடுக்கறதை வாங்கத் தெரிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

இப்ப அதே பகுதிக்கு என்ன தலைப்பு வைக்கிறாங்க? "விடாமுயற்சியுள்ள ஜெபம்". அவளைப் போல விடாப்பிடியா ஜெபிச்சா கிடைக்கும். அப்ப ஜெபிச்சும் எழுந்திருக்காத உங்க அம்மா? விசுவாசம் பத்தலையா? முயற்சி பத்தலையா? இந்தக் கேள்வியை ஒரு நோயாளியோட கட்டில் மேல வச்சுட்டுப் போற பிரசங்கத்தை நான் பாவம்னே சொல்வேன். இயேசு முதல்ல பேசவே இல்ல, அப்புறம் இஸ்ரவேலுக்குத்தான் வந்தேன்னார், அப்புறம் நாய்ன்னார். அந்த மறுப்புக்கு அடியில ஒளிஞ்சிருந்த சம்மதத்தைப் பிடிச்சுக்கிட்டு அவ நின்னா. பதில் வராத வீட்டுல உக்காந்திருக்கிறவங்களுக்கு இதுதான் சுவிசேஷம். இந்தப் பகுதியை, இயேசுவே ஒருத்தியை இப்படிப் பேசின பகுதியை, தலைப்பு தேடிப் பேசற எந்த ஊழியர் தானா போய் எடுப்பார்?

வேத ஆராய்ச்சிக்குப் புஸ்தகம் கேட்டீங்க. வேண்டாம். லூத்தரோட 1526 முறையில விட்டன்பர்க்ல திங்களும் செவ்வாயும் ஞானோபதேசம் (விசுவாசத்தோட அடிப்படைப் பாடம்), புதன் மத்தேயு, வியாழன் வெள்ளி நிருபங்கள், சனி சாயங்காலம் யோவான், ஞாயிறு விடியக்காலை நிருபம், ஆராதனையில சுவிசேஷம், மத்தியானத்துக்கு மேல பழைய ஏற்பாடு. உங்க பசங்களுக்கு வாரத்துல ஒரு சாயங்காலம் கிடைச்சாப் போதும். வியாழக்கிழமை வையுங்க, வரப்போற ஞாயிறோட சுவிசேஷ பகுதியை மட்டும் எடுங்க, ஒருத்தர் சத்தமா வாசிக்கட்டும், இன்னொருத்தர் திரும்ப வாசிக்கட்டும். அப்புறம் இதுல அவர் என்ன குடுக்கறார்னு மட்டும் கேளுங்க, நாம என்ன செய்யணும்னு யாராவது ஆரம்பிச்சா கடைசி பத்து நிமிஷத்துக்குத் தள்ளி வையுங்க. கூட வேணும்னா திடப்படுத்தலுக்கு மனப்பாடம் பண்ணின சின்ன ஞானோபதேசத்தை எடுங்க. 1715-லயே புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்ச ஊர்ப் பக்கத்துல இருந்து வந்துட்டு வெளியில புஸ்தகம் தேடாதீங்க.

ஐயரையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடுங்க, கட்டாயமா. ஞாயித்துக்கிழமை அவர் பழையபடி ஒன்பது பேரைத் திட்டியே முடிச்சார்னா, ஆராதனை முடிஞ்சதும் அவர்கிட்ட தனியாப் போய், "ஐயா, அந்தப் பத்துப் பேருக்கும் அவர் என்ன குடுத்தார்னு இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே"ன்னு மரியாதையா கேளுங்க. கோவிச்சுக்கிட்டாலும் அடுத்த வாரமும் போய்க் கேளுங்க.