மியூனிக் கோலும் தோட்டத்தில் புதைத்த பணமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். என் பெரியப்பா புதுச்சேரியில், முதலியார்பேட்டையில் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஃப்ரெஜூஸ் முகாமில் பல வருஷம் இருந்திருக்கிறார். ஒலிம்பிக் மார்சேய் என்ற பிரெஞ்சுக் கால்பந்து கிளப் என்றால் அவருக்கு உயிர். 1993-இல் அது ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக் என்பதும் அதுதான்) ஜெயித்த கதையை எங்கள் வீட்டில் கேட்காத பிள்ளை கிடையாது.

2025 மே 31 அன்று பாரிஸின் பி.எஸ்.ஜி. (பாரிஸ் சான்-ஜெர்மேன்) அணி சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானை 5-0 என்று அடித்தது. பாரிஸ் பக்கத்தில் சார்செல்லில் இருக்கும் அவர் பேரன் மறுநாள் வீடியோ காலில் வந்து, ஒன்றுமே பேசாமல் ஐந்து விரலை மட்டும் காட்டினான். பெரியப்பா போனை வைத்துவிட்டார். அதன்பிறகு ரொம்ப நாள் அவனிடம் பேசவில்லை. புதுச்சேரியில் பிறந்த ஒருவருக்கு பாரிஸ் மேல் எதற்கு இவ்வளவு பகை? நான் இணையத்தில் தேடிப் படித்தால், அந்த 1993-இல் மார்சேய் லஞ்சம் கொடுத்து மாட்டிக்கொண்டதாக இருக்கிறது. அப்படியென்றால் அவர் சொல்லும் பொற்காலமே பொய்தானே? இதைப் பெரியப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்று. அவர் அலமாரியில் அந்தக் கால வீடியோ கேசட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. எங்கள் பழைய டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடுகிறது. கெட்டுப்போயிருக்கும் என்கிறார் பெரியம்மா. தூக்கிப் போடலாமா?

அன்புடன்,
ர., கடலூர்

அன்புள்ள ர.,

கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். அது கெட்டுப்போகவில்லை. பிரான்ஸில் அந்தக் காலத்தில் டிவிக்கு செகாம் என்ற முறை, இங்கே பால் முறை. அங்கே டிவியிலிருந்து பதிவு செய்த கேசட்டை நம்மூர் டெக்கில் போட்டால் சத்தம் ஒழுங்காக வரும், படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறம் நாடாவில் அப்படியேதான் இருக்கிறது, நம்மூர் டெக்குக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிரான்ஸ் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் அங்கே டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகள் உண்டு. கடற்கரை ஊர் என்பதால் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று மட்டும் கண்ணாடி வழியாகப் பாருங்கள். இருந்தால் டெக்கில் போடாதீர்கள், ஹெட் போய்விடும்.

நானும் அந்த ஆட்டங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் முதலில் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு. (கடலூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காக: பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.) லீவில் வந்த மகன் பெட்டியில் சீஸுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே கேசட்டை வைத்துக் கொண்டுவருவார். கூடத்தில் பாய் விரித்து, டிவியை ஸ்டூல் மேல் ஏற்றி, முடிவு தெரிந்த ஆட்டத்தைத் தெரியாததுபோலப் பார்ப்போம். மார்சேய்க்கு வெள்ளைச் சட்டை என்பதால் எங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எதிரணிதான் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கூட்டமாகத் தெரியும். கோல் விழுந்ததும் வீட்டுக்காரர் எழுந்து டெக்கின் ரீவைண்ட் பட்டனை அழுத்துவார். அவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது.

எதற்கு மார்சேய் என்று கேட்கிறீர்கள். 1962-இல் புதுச்சேரி பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி கைமாறி, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பையன்கள் படைக்குப் போனபோது, அவர்களில் பலருக்குக் கண்ணில் பட்ட முதல் பிரான்ஸ் மார்சேய் துறைமுகம்தான். கீழைக் கடல்களில் ஓடிய மெஸ்ஸாழெரி மரித்தீம் கப்பல்களுக்கு அதுதான் தாய்த் துறைமுகம். ஃப்ரெஜூஸ், துலோன் என்று படை முகாம்களும் அந்தக் கடற்கரையை ஒட்டியே. வெயில், மீன் வாடை, சத்தம் போட்டுப் பேசும் ஜனங்கள். புதுச்சேரி உப்பளம் பகுதியிலிருந்து போனவனுக்கு அந்த ஊர் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாரிஸ் அவர்களுக்குக் காகிதம் வரும் ஊர். பென்ஷன் காகிதம், குடியுரிமைக் காகிதம், திருப்பி அனுப்பப்பட்ட காகிதம். அடுத்த தலைமுறை வேலைக்காகப் பாரிஸ் புறநகர்களில் குடியேறியது, அதன் பிள்ளைகள் பி.எஸ்.ஜி. சட்டை போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள். நான் பார்த்தவரை பல வீடுகளில் தாத்தா மார்சேய், பேரன் பாரிஸ். உங்கள் வீடும் அப்படித்தான்.

சரி, அந்தப் பொற்காலம். 1986-இல் பெர்னார் தபீ என்ற தொழிலதிபர் கிளப்பை எடுக்கிறார். 1989-லிருந்து 1992 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள். ழான்-பியேர் பப்பேன் ஐந்து சீசன் தொடர்ந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர், 1991-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கியவர். அதே 1991-இல் இத்தாலியின் பாரி நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கு எதிராக 120 நிமிடமும் கோலே இல்லை, பெனால்டியில் 5-3 என்று தோல்வி. உங்கள் பெரியப்பா இதைச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தாலும் சீக்கிரம் கடந்திருப்பார்.

1993 மே 26, மியூனிக். மறுபடியும் அதே கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ஏசி மிலான். அந்த மிலானுக்கு மார்சேயிலிருந்தே போன பப்பேன் அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், பழைய கிளப்புக்கு எதிராக. மார்சேய் கேப்டன் திதியே தெஷாமுக்கு 24 வயது, கோல்கீப்பர் பார்த்தெஸுக்கு 21. பின்வரிசையில் பசீல் போலிக்கு முழங்கால் வலி. வெளியே எடுங்கள் என்று சைகை காட்டுகிறார். மேலே கேலரியில் இருந்த தபீ, இடைவேளை வரை இருக்கட்டும் என்று வாக்கி-டாக்கியில் கீழே சொல்கிறார். பெல்ஜியத்துக்காரக் கோச் கோத்தால்ஸும் மாற்றவில்லை. முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் ஒரு கார்னர். அபெதி பெலே அடிக்கிறார். நொண்டிக்கொண்டிருந்த போலி எகிறித் தலையால் முட்டுகிறார். 1-0. கடைசி வரை அதுதான் ஸ்கோர். வான் பாஸ்டனுக்கு அதுவே கடைசி ஆட்டம், கணுக்கால் அதன்பிறகு அவரை ஆடவே விடவில்லை. பிரெஞ்சு கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ரேன்ஸ் 1956-லும் 1959-லும் தோற்றிருந்தது, சான்-எத்தியென் 1976-இல் தோற்றிருந்தது. ‘என்றென்றைக்கும் முதல்வர்கள் நாங்கள்’ என்று மார்சேய்க்காரர்கள் பாடுவது இதைத்தான். ஐந்து விரலுக்கு எதிராகப் பெரியப்பா ஒரு விரலைக் காட்டியிருக்கலாம். போனை வைத்திருக்கத் தேவையில்லை.

இப்போது பகை. நம் ஆட்கள் இதை ஏதோ சோழ பாண்டியர் காலத்துப் பகைபோலச் சொல்வார்கள். கிடையாது. மார்சேய் கிளப் 1899-இல் ஆரம்பித்தது, பி.எஸ்.ஜி. 1970-இல். எண்பதுகளில் மார்சேய்க்கு நிஜமான எதிரி போர்தோ நகரத்து அணி. 1989 மே மாதம் லீக் பட்டத்துக்கான போட்டியில் மார்சேயின் சோசே கடைசி நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்த கோலில் பி.எஸ்.ஜி. தோற்றது, அங்கேதான் சூடு ஏறியது. 1991-இல் கனால் ப்ளுஸ் என்ற கட்டணத் தொலைக்காட்சி பி.எஸ்.ஜி.யை வாங்கியது. ஆட்டத்தைக் காட்டுகிறவனே ஒரு அணிக்கு முதலாளி! அவனுக்கு வேண்டியது பரபரப்பு. தபீக்கும் அதேதான் வேண்டும். தெற்கு-வடக்கு, துறைமுகம்-தலைநகரம் என்று ஏற்கெனவே ஊருக்குள் இருந்த கசப்பை எடுத்து இருவரும் சேர்ந்து விசிறினார்கள். 1992 டிசம்பர் 18 அன்று பாரிஸில் நடந்த ஆட்டத்தில் 50-க்கும் மேற்பட்ட ஃபவுல்கள். போக்சிச் அடித்த ஒரே கோலில் மார்சேய் ஜெயித்தது. அந்த ஆட்டத்தைப் பிரான்ஸில் இன்றும் கசாப்பு என்றுதான் குறிப்பிடுகிறார்கள். எங்கள் தெருக் கூடத்தில் அந்தக் கேசட் ஓடியபோது, கோலுக்கு அழுத்தியதைவிட அதிக தடவை ஃபவுலுக்காக ரீவைண்ட் அழுத்தப்பட்டது. கடைக்காரன் விற்ற சரக்காக இருந்தாலும் குடித்தவனுக்குப் போதை நிஜம். பெரியப்பாவின் பகையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லஞ்சக் கதை முழுக்க உண்மை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். மே 20 அன்று வலான்சியென் என்ற சின்ன அணியோடு லீக் ஆட்டம், மார்சேய் 1-0. மே 26 மியூனிக். மே 29 அன்று மார்சேயில் பி.எஸ்.ஜி.யோடு ஆட்டம். முதலில் பாரிஸ் கோல் போட, பிறகு ஃபோலர், போலி, போக்சிச் என்று மூன்று கோல். 3-1, ஐந்தாவது தொடர் பட்டம். அந்த ஆட்டத்தில் போலி அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். பின்வரிசை ஆள் தானே ஆரம்பித்த தாக்குதலின் முடிவுக்குத் தானே ஓடிப் போய்த் தலையால் முடிக்கிறார். மியூனிக் கோலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனால் மே 20-க்கு முன்பே வலான்சியென் வீரர்கள் மூன்று பேரிடம் மார்சேய் தரப்பு பேசியிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன் யாருக்கும் அடிபடக் கூடாது, பட்டமும் கைவிட்டுப் போகக் கூடாது, நிதானமாக ஆடுங்கள் என்று. ழாக் கிளாஸ்மான் மறுத்து, தன் கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டார். இன்னொருவருக்குப் போன பணம், 2,50,000 பிராங்க், உறவினர் வீட்டுத் தோட்டத்தில் புதைத்த இடத்திலிருந்து போலீஸ் தோண்டி எடுத்தது. மார்சேயின் 1993 லீக் பட்டம் பறிக்கப்பட்டது. 1994-இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். தபீ 1997-இல் சிறைக்கே போனார். மியூனிக் கோப்பையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பட்டத்தை இரண்டாம் இடத்தில் இருந்த பி.எஸ்.ஜி.க்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று சொன்னது பி.எஸ்.ஜி.! மார்சேய் பக்கத்துச் சந்தாதாரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று கனால் ப்ளுஸுக்குக் கவலை. அந்த வருஷத்துப் பட்டம் இன்றும் யார் பெயரிலும் இல்லை. இருவருக்கும் இடையில் நடந்ததிலேயே மிக நல்ல ஆட்டம், மே 29 ஆட்டம், எந்தப் பட்டத்துக்கும் கணக்கில் சேராத ஆட்டமாகப் போய்விட்டது. இது பெரியப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் அவர் மியூனிக்கோடு கதையை நிறுத்துகிறார்.

பொற்காலம் பொய்யா என்றால், என் தீர்ப்பு இது: லீக் பட்டத்தைப் பறித்தது சரி. மியூனிக்கில் மிலானை யாரும் விலைக்கு வாங்கவில்லை, கோப்பை அவர்களுடையது. ஆனால் வலான்சியென்னில் சேமித்த கால்களோடுதான் மியூனிக்கில் இறங்கினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த ஒன்பது நாளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். பணத்தை மறுத்த கிளாஸ்மானைத்தான் பிறகு மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். 1995-இல் ஃபிஃபா நேர்மை விருது கொடுத்தது, ஆனால் கூச்சல் போட்டவர்களில் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் படிக்கவில்லை. பெரியப்பாவிடம் லஞ்சம் என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டை வரும். கிளாஸ்மான் என்றால் யார் பெரியப்பா என்று கேளுங்கள். நான் பழகிய சொல்தாக்கள் தோற்ற ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் காட்டிக்கொடுக்காத ஆளையும் காட்டிக்கொடுத்த ஆளையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கிளாஸ்மானை எந்தப் பக்கத்தில் சேர்க்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

பேரன் கத்தார் பணத்தில் வந்த அணியைக் கொண்டாடுகிறான் என்று பெரியப்பா சொல்வாராக இருந்தால், 2011-இல் பி.எஸ்.ஜி.யை வாங்கிய கத்தாருக்கு வழி காட்டியதே தபீ பாணிதான் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைக்க வேண்டுமானால் பிரான்ஸ் ஆடும்போது கூப்பிடுங்கள். 2018 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றைப் போட்டாலும் போதும். எம்பாப்பேயைப் பார்த்துப் பேரன் ‘எங்க ஆளு’ என்பான், எம்பாப்பே அப்போது பி.எஸ்.ஜி.யில்தான் ஆடினான். பிரான்ஸின் கோச்சாகப் பெஞ்சில் தெஷாம் தெரிந்ததும் பெரியப்பா ‘எங்க கேப்டன்’ என்பார். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அன்புடன்.