காணிக்கை போதும்

கேள்வி: பாட்காஸ்டில் நன்றாகப் பேட்டி எடுப்பது எப்படி? விருந்தினராகப் போனால் எப்படிப் பேச வேண்டும்?

பதில்: 'பேட்டி' என்ற சொல்லிலேயே வம்பு இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த சொல். மராத்தியில் 'பேட்' என்றால் சந்திப்பு; கையோடு கொண்டுபோய் வைக்கும் காணிக்கைக்கும் அதே பெயர்தான். பாட்காஸ்ட்காரர்கள் பலர் சந்திப்பை விட்டுவிட்டுக் காணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சாருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று தொடங்கி எட்டு நிமிடம் அறிமுகம். சாரும் தடுப்பதில்லை.

காணிக்கை கொடுத்தே தீருவேன் என்றால் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் மாதிரி பணமாகக் கொடுங்கள். 1977-இல், வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகியிருந்த அமெரிக்க முன்னாள் அதிபர் நிக்ஸனின் தொலைக்காட்சிப் பேட்டிக்கு அவர் பேசிய தொகை 6 லட்சம் டாலர். புகழ்ச்சி ஒரு சென்ட்டுக்குக்கூட இல்லை. வாட்டர்கேட் ஆவணங்களைத் துருவிப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஏறத்தாழ 29 மணி நேரப் பதிவு. மக்களின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று அந்த மனிதர் வாயாலேயே வரவழைத்தார். "உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் வந்திருக்குமா?

இந்தப் 'பயணம்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. எங்கள் பத்திரிகையில் யார் எழுதி அனுப்பினாலும் அடித்துவிடுவேன். பல் மருத்துவருக்கும் பயணம், பாடகருக்கும் பயணம், மூன்று மாதம் முன்பு கடை திறந்தவருக்கும் பயணம். ஒருவர் கூட டிக்கெட் எடுத்ததாகத் தெரியவில்லை.

பேட்டி எடுப்பவர் பயப்படுவது மௌனத்துக்கு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 10 மொழிகளின் பேச்சை அளந்து பார்த்தார்கள். கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக ஐந்தில் ஒரு விநாடி. அதனால்தான் இரண்டு விநாடி சும்மா இருந்தாலே நமக்குப் பதறுகிறது. அடுத்த கேள்வியைப் போட்டு அடைத்துவிடுகிறோம். எதிராளி மூச்சை இழுத்து, தயாரித்து வராத ஒன்றைச் சொல்ல வாயெடுத்த இடம் அதுதான். இணைய வழியில் என்றால் குரல் கொஞ்சம் தாமதமாக வேறு வரும். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்றே ஒரு நிமிடம் போய்விடும். இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இருவரும் அவரவர் பக்கத்திலேயே தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டால், இணையம் தின்ற சொற்களையும் காப்பாற்றலாம்.

விருந்தினருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காதில் ஹெட்ஃபோன், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. "நல்ல கேள்வி" என்று சொல்லி நேரம் வாங்காதீர்கள். கேட்டவர் அதை நம்பிவிடுகிறார். கருத்தைக் கேட்டாலும் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். முடிந்ததும் நிறுத்துங்கள். 'ஆக மொத்தத்தில்' என்று மறுபடி தொடங்குகிறவர்களைப் பதிவு அறைக்குள் விடவே கூடாது.

('பாட்காஸ்ட்' என்று எழுதிவிட்டேன், தமிழில் 'வலையொலி' என்றே எழுத வேண்டும் என்கிற அணியினர் கடிதம் எழுதுவார்கள். 2004-இல் கார்டியன் என்ற பிரிட்டிஷ் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இந்தப் புதுச் சரக்குக்கு மூன்று பெயர்களைக் கேள்விக்குறியோடு போட்டார், ஒட்டிக்கொண்டது இது. மற்ற இரண்டுக்கும் கடிதம் எழுத ஆள் இல்லை போலிருக்கிறது.)

நானும் ஒருமுறை விருந்தினராகப் போனேன். கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார் தம்பி. அப்பாவைப் பற்றிக் கேட்டார். அச்சு இயந்திரத்தில் அவர் விரல் போன கதையைச் சொன்னேன். தாளைப் பார்த்தபடியே "சூப்பர் சார், அடுத்த கேள்வி" என்றார். பதிவு வெளியானதும் கேட்டுப் பார்த்தேன். அறையில் இருந்த மின்விசிறி மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை என் பேச்சுக்கு 'உம்' கொட்டிக்கொண்டிருந்தது.