மஞ்ஞினிக்கரையில் ஓர் அந்தியோக்கியப் பெயர்

கேள்வி: பிப்ரவரியில் பத்தனம்திட்டா சென்றிருந்தபோது, மஞ்ஞினிக்கரைக்குச் சாரை சாரையாக நடந்து செல்லும் யாத்திரிகர்களைக் கண்டேன். அங்கே அடக்கமாகியிருப்பவர் பெயர் இக்னாத்தியோஸ் என்றார்கள். நம் ஊர்க் கோயில்களில் வணங்கப்படும் இஞ்ஞாசியார் இவர்தானா?
- ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: இல்லை அம்மா. லொயோலா இஞ்ஞாசியார் இயேசு சபையை நிறுவிய 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர். மஞ்ஞினிக்கரையில் துயில்பவரோ, கேரளச் சபையின் பிணக்கைத் தீர்க்க 1931இல் வந்து, 1932 பிப்ரவரி 13 அன்று அங்கேயே காலமான சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையின் பிதாப்பிதா (தலைமை ஆயர்) மூன்றாம் எலியாஸ். அந்தப் பீடத்தில் அமர்பவர்கள், பழைய சிரியா நாட்டு நகரமான அந்தியோக்கியாவின் ஆதி ஆயரான இக்னாத்தியோசின் பெயரைப் பல நூற்றாண்டுகளாகத் தாங்கி வருகிறார்கள்.

ரோமப் பேரரசன் திராயான் காலத்தில் கைதான அந்த முதல் இக்னாத்தியோஸ், விலங்குகளுக்கு இரையாக ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியில், இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மிர்னா, துரோவா நகரங்களில் தங்கியபோது ஏழு கடிதங்கள் எழுதினார். தம்மைக் காவல் காத்த பத்துப் படைவீரர்களை, நன்மை செய்யச் செய்ய மேலும் கொடியவர்களாகும் 'சிறுத்தைகள்' என்கிறார். ரோம் நகரக் கிறிஸ்தவர்களிடம் தம்மைக் காப்பாற்ற முயல வேண்டாமென மன்றாடி, "நான் கடவுளின் கோதுமை, விலங்குகளின் பற்களால் அரைக்கப்படுகிறேன்" என்று எழுதிய வரியை என்னால் இன்றும் கலங்காமல் வாசிக்க முடிவதில்லை. 'கத்தோலிக்கத் திருச்சபை' என்னும் சொல்லாட்சி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்தும், ஸ்மிர்னா சபைக்கு அவர் எழுதிய கடிதமே.