மல்லேஸ்வரத்தின் பின்சந்து

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் பாப்பாரப்பட்டி. வேலை பெங்களூரில், அறை மல்லேஸ்வரத்தில். ஞாயிறுகளில் பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஓட்டுக்கூரை, தூண், மரச்சட்ட ஜன்னல், நேர்நேரான தெருக்கள். எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! நம்மைப் போல வெளியூர்க்காரர்கள் போய்த்தான் அந்த நகரத்தைக் கெடுத்துவிட்டோமோ? அதன் தெருக்களைப் பற்றி எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

தருமபுரிப் பக்கத்துப் பையன் ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகாமல் தெருவைப் பார்க்கிறான் என்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த வெளியூர்க்காரர் பேச்சு வேண்டாம். 1809இல் வெள்ளைக்காரன் பெங்களூரில் தண்டு, அதாவது ராணுவ முகாம், இறக்கியபோது அவனோடு எத்தனையோ தமிழர்கள் போய்க் குடியேறினார்கள். அதற்கும் பழைய ஊரான பேட்டைக்குள் கரகம் எடுக்கிற திகளர் சமூகத்தார் கும்பிடுவது, நம் ஊரில் கூத்துக் கட்டுகிறோமே, அதே திரௌபதியைத்தான். டிராஃபிக்குக்கு நீங்கள் பொறுப்பில்லை. விடுங்கள்.

"யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்" என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஆமாம், நன்றாகவே யோசித்தார்கள். 1898இல் பிளேக் வந்தது. பேட்டையின் நெரிசலில் ஜனங்கள் செத்தார்கள், தப்பியவர்களில் பலர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அந்தப் பயம்தான் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் நிரப்பியது. காற்று வர அகலத் தெரு, கட்டம் கட்டமாகக் குறுக்குத் தெரு. அப்புறம் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஒரு ஒல்லிச் சந்து. கன்சர்வன்சி லேன். எதற்கு? எடுப்புக் கக்கூசில் மலம் அள்ளுகிறவர் முன்வாசல் பக்கம் தலைகாட்டாமல் வந்து போக! ஏதோ பழக்கத்தில் உருவான பாதை இல்லை, வரைபடத்திலேயே போட்ட பாதை. தீண்டாமைக்கென்று அடி அளந்து நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் மெச்சுகிற அந்த முகப்பின் சுத்தம் இந்தச் சந்தில் நடந்தவர்கள் தலையில் சுமந்தது. மலத்தைத் தலையில் சுமப்பதை 1970களில் கர்நாடக அமைச்சர் பசவலிங்கப்பா தடை செய்தார். சந்துகளில் பல இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

என் மாமா புளி வியாபாரி. பெங்களூர் தரகுப்பேட்டை மண்டிக்கு லோடு போகும்போது என்னையும் லாரியில் ஏற்றிக்கொள்வார். மண்டி முதலாளியின் வீடு மல்லேஸ்வரம் மாதிரி கட்டம் போட்டு விரித்த ஒரு எக்ஸ்டென்ஷனில். கணக்கு முடிக்கப் போனால் முன்கேட் திறக்காது, பின்சந்து வழியாக வரச் சொல்வார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்குகிற கல்லில் என் கையைப் பிடித்து நடத்திப் போவார். பணத்தை எண்ணி வாங்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சந்தையில் எல்லோரையும் அதட்டுகிற மனிதர். அந்த வீட்டுக்கு என்ன முகப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராவது "அந்தக் காலத்து பெங்களூர்" என்று பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான்.

சரி, கேட்டீர்கள் இல்லையா? சந்துக்குள் போங்கள். செங்கல் வைத்து அடைத்த பின்கதவுகளைப் பாருங்கள். பழைய ஆட்கள் இருந்தால், இங்கே வேலைக்கு வந்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். மழுப்புவார்கள், விடாதீர்கள். தூணையும் ஜன்னலையும் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.