மாம்பழத்துக்கு ஊரும் உண்டு, மாதமும் உண்டு: கேள்வி பதில்

எங்கள் குடும்பத்துக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. கல்யாணமாகி சென்னைக்கு வந்து வில்லிவாக்கத்தில் குடியேறி முப்பது வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் பூ எடுக்கிற தை மாதத்திலும் பறிப்பு நடக்கிற வைகாசியிலும் நான் அங்கேதான் இருப்பேன். மாம்பழம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

பெரம்பூர் கவிதா: அக்கா, மார்ச் கடைசியில் பங்கனப்பள்ளி வாங்கினோம். விலையும் அதிகம். மேலே ஒரே மஞ்சள், வெட்டிப் பார்த்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பாக இருந்தது. ஏன் இப்படி?

அது முற்றாத காய், கவிதா. முதலில் வரும் பழத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்று பதினைந்து இருபது நாள் முன்னதாகவே பறித்துவிடுகிறார்கள். முற்றாத காயை எதை வைத்துப் பழுக்க வைத்தாலும் தோல்தான் நிறம் மாறும். உள்ளே மாவுச்சத்து சேர்ந்தால்தானே அது பிறகு சர்க்கரையாகும்? பங்கனப்பள்ளிக்கு நம் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரைதான் உண்மையான காலம். அதற்கு முன் ஆசை வந்தால் செந்தூரா வாங்குங்கள், அது இயல்பாகவே முந்தி வரும் ரகம்.

முற்றிய காயைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காம்புப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தோள் மாதிரி எழும்பி, காம்பு நடுவில் குழிந்து உட்கார்ந்திருந்தால் அது முற்றியது. காம்பு மேட்டில் நின்று தோள் சரிந்திருந்தால் பிஞ்சிலே பறித்தது. தோட்டத்தில் காயாக இருக்கும்போது தண்ணீரில் போட்டும் பார்ப்போம், முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும்.

கார்பைடு கல் பற்றியும் பத்துப் பேருக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், அதனால் பழத்துக்கு அதைப் பயன்படுத்தச் சட்டப்படி தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. இந்த எத்திலீன் பழமே தனக்குள் உண்டாக்குகிற வாயுதான், அதனால் பழுக்கவைக்கும் அறை என்றதுமே பயப்பட வேண்டாம். கல்லைப் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் வைப்பதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் இன்னமும் வைக்கோல்தான்: ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காய், மேலே கோணிச் சாக்கு. நாலாம் நாள் அறைக் கதவைத் திறந்தால் வாசனையே சொல்லிவிடும்.

அம்பத்தூர் முரளி: சேலத்து மாம்பழம் என்று விற்பதெல்லாம் சேலத்திலிருந்துதான் வருகிறதா மேடம்?

இல்லை. சேலம் பேர் பெற்ற ஊர், மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும் அந்தப் பேர் தகும். ஆனால் தமிழ்நாட்டில் அதிக மா விளைவது எங்கள் கிருஷ்ணகிரியில். தர்மபுரி, திண்டுக்கல், தேனி, மதுரை, வேலூர், திருவள்ளூர் என்று மற்ற இடங்களும் உண்டு. கோயம்பேட்டில் இறங்கும் பங்கனப்பள்ளியில் பெரும்பகுதி ஆந்திரா. அந்தப் பேரே நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் பங்கனப்பள்ளி என்ற ஊரின் பேர்தான், 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தெற்கே போனால் ரகமே மாறிவிடும். நத்தம் பக்கம் காசாலட்டு, ராஜபாளையத்தில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும், கன்னியாகுமரியில் செங்கவருக்கை. செங்கவருக்கையைச் சென்னையில் எத்தனை பேர் சாப்பிட்டிருப்போம்? ஒவ்வொரு ஊரிலும் அந்த மண்ணுக்குப் பழகிய மாம்பழம் இருக்கிறது, நாம்தான் மூன்று ரகத்தின் பேரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் போகும்போது கடைக்காரரிடம் "உங்க ஊர் பழம் எது?" என்று கேளுங்கள்.

மேடவாக்கம் சுதா: அல்போன்சா ரத்னகிரியிலிருந்து வந்தால்தான் நல்லதா? இங்கே விளைவது போலியா?

போலி என்று சொல்லாதீர்கள், அதுவும் அல்போன்சாதான். கிருஷ்ணகிரியிலும் உண்டு, கர்நாடகத்தில் பாதாமி என்பார்கள். ஆனால் ருசி ஒன்றாக இருக்காது. கொங்கணக் கரையில் செம்புரைக் கல் மண், தண்ணீர் தங்காது, பக்கத்திலேயே கடல். அந்த வாசனை அங்கேதான் வரும். 2018-ல் ரத்னகிரி, சிந்துதுர்க், ராய்காட், தாணே, பால்கர் என்று ஐந்து மாவட்டங்களுக்குத்தான் அல்போன்சாவுக்கான புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தக் குறியீடு போட்ட பெட்டியில் வேறு ஊர்ப் பழத்தை வைத்து விற்பதுதான் தப்பு. எங்கள் ஊர் அல்போன்சாவை எங்கள் ஊர்ப் பேரிலேயே விற்றால் போதும், அதற்கென்று ஒரு ருசி இருக்கிறது.

வெளியே பார்த்தால் அழகாக இருந்து உள்ளே பஞ்சு மாதிரி வெளுத்துப் போயிருப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அல்போன்சாவுக்கே உள்ள கோளாறு, வெட்டாமல் தெரியாது. தரைச்சூடு காய்க்கு ஏறுவது ஒரு காரணம், அதனால் மரத்தடியில் சருகு மூடாக்கு போடுவோம். மரத்திலேயே பழுக்க விட்டால் இன்னும் அதிகமாகும், முக்கால் முற்றலில் பறித்துவிட வேண்டும்.

அண்ணா நகர் பிரகாஷ்: ஆறு வருஷம் லக்னோவில் இருந்தேன். இங்கே சீசன் முடிகிற ஜூன் கடைசியில்தான் அங்கே தசேரி குவியும். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமும்கூட. நம் நாட்டில் மாங்காய்ப் பறிப்பு தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை என்று ஒரு இடம், ஜனவரி, பிப்ரவரியிலேயே அங்கே காய் பறித்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் தமிழ்நாடு, ஆந்திரா, கொங்கணம். மே மாதம் குஜராத்தில் கிர் பக்கத்துக் கேசர். பிறகு வங்காளத்து ஹிம்சாகர், பாகல்பூர் ஜர்தாலு, ஜூன் கடைசியில் மலிஹாபாத் தசேரி, பனாரஸ் லங்டா, கடைசியாக சௌசாவும் மால்டாவின் பஸ்லியும் ஆகஸ்ட் வரைக்கும் போகும்.

மாமரம் பூப்பதற்கு ஒரு ஓய்வு வேண்டும். இரண்டு மூன்று மாதம் துளிர் விடாமல், குளிரோ வறட்சியோ பட்டு மரம் சும்மா நிற்க வேண்டும். இங்கே மார்கழி, தை குளிரே அதற்குப் போதும், உடனே பூ எடுத்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் ஜனவரிக் குளிரில் மொட்டு அப்படியே உறைந்த மாதிரி நிற்கும், பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறிய பிறகுதான் பூ விரியும். அதிலிருந்து காய் முற்ற நாலு மாதம் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஜூன் கடைசி வரும்.

லக்னோவில் இருந்தபோது காக்கோரி பக்கத்தில் தசேரி கிராமத்துக்குப் போனீர்களா? அந்த ரகத்தின் தாய்மரம் இன்னும் அங்கே நிற்கிறது. நம் நீலத்தையும் அந்தத் தசேரியையும் சேர்த்துத்தான் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லிகா, ஆம்ரபாலி இரண்டையும் உருவாக்கினார்கள். நீலம் தாயானால் மல்லிகா, தசேரி தாயானால் ஆம்ரபாலி.

கொளத்தூர் ஜெயந்தி: எங்கள் வீட்டு மரம் போன வருஷம் கொட்டித் தீர்த்தது, இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. என்ன உரம் போடலாம்?

மரம் களைத்துப் போயிருக்கிறது அம்மா. மாவில் பூ வருவது முற்றிய கிளை நுனியில். காய் தாங்கிய கிளை பறிப்பு முடிந்ததும் உடனே துளிர்த்தால்தான் அந்தத் துளிர் தைக்குள் முற்றும். நிறைய காய்த்த வருஷம் அதற்குத் தெம்பு இருக்காது, தாமதமாகத் துளிர்க்கும், அது முற்றுவதற்குள் பூக்காலம் போய்விடும். அதனால் பறித்து முடித்த வாரமே காய்ந்த குச்சி, காம்புக் கொத்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு, தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். பலர் பூ வரவில்லையே என்று கார்த்திகையில் உரம் வைக்கிறார்கள். அப்போது வைத்தால் இலைதான் வரும். சென்னையில் ஏற்கெனவே ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே துளிர்க்கப் பார்க்கும், நீங்களும் சேர்ந்து ஊட்டாதீர்கள். நீலமும் கிளிமூக்கும் வருஷா வருஷம் காய்க்கும், மல்கோவா விட்டு விட்டுத்தான் காய்க்கும். ரகத்தின் குணத்தோடு சண்டை போட முடியாது.

வேரில் ஊற்றிப் பூக்க வைக்கும் மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள், பேக்லோபியூட்ரசால். வேலை செய்யும்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் எங்களிடம் சொல்லாமல் அளவுக்கு மீறி ஊற்றிவிட்டார். அந்த வருஷம் கிளையெல்லாம் காய். அவர் விற்றுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் துளிர் நீளவே இல்லை, கணுவுக்குக் கணு ஒட்டி இலையெல்லாம் கோஸ் மாதிரி சுருண்டு நுனியில் கொத்துக் கொத்தாக நின்றது. அப்பா தினமும் போய் அந்த மரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். மூன்று வருஷம் ஆயிற்று அவை தேற. வீட்டு மரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

தாம்பரம் ரஃபீக்: நீலம் பழத்தில் வெளியே ஓட்டையே இல்லை, உள்ளே கொட்டையில் கறுப்பு வண்டு. எப்படிப் போகிறது?

அது மாங்கொட்டை வண்டு. காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தாய் வண்டு தோலைக் கீறி முட்டை வைத்துவிடும். புழு சதை வழியாகக் கொட்டைக்குள் போகும், கீறல் ஆறி, காய் பெருக்கும்போது தடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். பழத்துக்கு வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, விற்றவரைக் குறை சொல்லாதீர்கள். சதை நன்றாக இருந்தால் சாப்பிடலாம். ஆனால் கொட்டையைத் தோட்டத்தில் எறியாதீர்கள், அந்த வண்டு மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருந்து அடுத்த பூக்காலத்தில் மறுபடி வரும். கீழே விழுகிற காயைத் தினமும் பொறுக்கி அழித்தாலே பாதி குறையும்.

வேளச்சேரி அனிதா: இமாம் பசந்த் ஏன் இவ்வளவு விலை?

காய்ப்பு குறைவு, தோல் மெல்லிசு, லாரிப் பயணம் தாங்காது. விலையில் பாதி அழுகிப் போவதற்கான விலை. காம்போடு பறித்த பழமாகப் பார்த்து வாங்குங்கள். காம்பு ஒடிந்தால் பால் வழிந்து தோலைப் பொசுக்கிவிடும், அந்தக் கறுப்புத் தடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும்.

ஆவடி செந்தில்: உலகத்திலேயே அதிகமாக விளைவது இங்கே என்கிறார்கள், பிறகு ஏன் விவசாயி ரோட்டில் கொட்டுகிறார்?

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. உலக விளைச்சலில் ஏறக்குறைய பாதி நம்முடையது, ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல். வெளிநாட்டுக்குப் பழமாகப் போவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்கா 2007-ல்தான் கதவைத் திறந்தது, அதுவும் கதிர்வீச்சு செலுத்திய பழத்துக்கு மட்டும். பழ ஈ இருந்தது என்று ஐரோப்பா 2014-ல் தடை போட்டு 2015-ல் எடுத்தது. ஆக நம் பழத்தைச் சாப்பிட வேண்டியது நாம்தான்.

ரோட்டில் கொட்டுவது பெரும்பாலும் கிளிமூக்கு, பெங்களூரா என்போமே அது. சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் மாம்பழக் கூழ் ஆலைகளை நம்பி நட்டது. பழமாக அதற்குப் பெரிய கிராக்கி இல்லை. ஆலையில் போன வருஷத்துக் கூழ் தேங்கிவிட்டால் இந்த வருஷம் வாங்க மாட்டார்கள், லாரி நாள் கணக்கில் வாசலில் நிற்கும், வாடகை விவசாயி தலையில். 2025-ல் அது வெடித்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்தது, ஆலை 8, அரசு 4. வெளிமாநிலக் கிளிமூக்கு சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடையும் போட்டார்கள், கர்நாடக விவசாயிகள் தவித்தார்கள். நெல்லை மூட்டை கட்டி விலை வரும்வரை வைக்கலாம். முற்றிய மாங்காயை ஒரு வாரம் வைக்க முடியுமா? எங்கள் ஊரில் கிளிமூக்கை வெட்டிவிட்டு அந்த அடிமரத்திலேயே வேறு ரகத்தை மேலொட்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சரியென்றே படுகிறது.

முகப்பேர் லட்சுமி: சின்னக் கொல்லைதான் இருக்கிறது. எந்தக் கன்று, எங்கே வாங்கி, எப்போது நடுவது?

ஒரு மரம்தான் என்றால் பங்கனப்பள்ளி அல்லது நீலம். இடம் ரொம்பக் குறைவு என்றால் ஆம்ரபாலி, குட்டையாக நிற்கும். மாதவரத்தில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. ஊருக்குப் போகிற வழி என்றால் எங்கள் பக்கம் சந்தூர், ஊரே ஒட்டுக்கன்று நர்சரிதான். உயரமான கன்றுக்கு ஆசைப்படாதீர்கள், ஒட்டு மூட்டு, அதாவது நாட்டுக் கன்றின்மேல் ரகத்தை ஒட்டிய இடம், நன்றாகக் கூடி மேலும் கீழும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஆடி, ஆவணியில் நடுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். முகப்பேரில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். ஒட்டு மூட்டு மண்ணுக்கு மேலே அரை அடியாவது தெரிய வேண்டும், அதற்குக் கீழிருந்து வருகிற துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் நாட்டு மரம் வளர்ந்து நீங்கள் வாங்கிய ரகம் செத்துவிடும். பக்கத்தில் கம்பு ஊன்றிக் கட்டுங்கள், 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் சாய்ந்த மாமரங்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

முதல் மூன்று வருஷம் வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். நாலாவது வருஷத்திலிருந்து பூ விரிந்திருக்கும்போது மட்டும் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள்தான், அதையும் கொன்றுவிடுவீர்கள். அப்போதும் ஒரு கொத்தில் ஆயிரம் பூ இருந்து ஒன்றிரண்டுதான் காயாக நிற்கும், அது போதும்.