கைப்பிடி கரிக்கு கங்கோத்ரி உருகுமா?

கேள்வி: போன இதழ்ல பனிமலை மேல ஃபேக்டரி புகை படிஞ்சு உருகுதுன்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு பெரிய மலைல கைப்பிடி கரி விழுந்தா என்ன ஆயிரும்? அங்க பக்கத்துல ஒரு ஃபேக்டரியும் கிடையாது. பனியே பாக்காத கன்னியாகுமரிக்காரனுக்கு இந்த பயமுறுத்தல் எதுக்கு?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: அண்ணே, கைப்பிடிதானேன்னு கேட்டீங்க பாருங்க, வில்லங்கமே அந்த கைப்பிடிதான். லாரி லாரியா கொண்டு கொட்டினா கூட அந்த இடத்துல பனி அவ்வளவு வேகமா உருகாது. இவன் என்ன உளறுதான்னு தோணும், கொஞ்சம் பொறுங்க.

குளச்சல் பக்கம் ஐஸ் பார் இறக்குறத பாத்திருப்பீங்க. முன்னெல்லாம் அது மேல மரத்தூளோ உமியோ கனமா போட்டு சாக்கால மூடி வைப்பாங்க, வெயில்ல கிடந்தாலும் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். இப்போ அதே ஐஸ்ல மூடாம லேசா நாலு கரித்தூள் மட்டும் விழுந்து கிடந்தா என்ன ஆகும்? உங்க லெட்டர் வந்த அன்னைக்கு எனக்கே சந்தேகம் வந்து, ஃப்ரிட்ஜ்ல மூணு கிண்ணத்துல தண்ணி உறைய வச்சு, மறுநாள் பதினோரு மணி வெயிலுக்கு மாடில கொண்டு வச்சேன். ஒண்ணு சும்மா, ஒண்ணுல பானை அடில சுரண்டின கரி ஒரு சிட்டிகை, ஒண்ணுல ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள். பத்து நிமிஷம் கூட ஆகல, கரி விழுந்த இடமெல்லாம் ஊசி குத்தின மாதிரி குழி, ஒவ்வொரு குழிக்கும் அடில ஒரு கரித்துணுக்கு உக்காந்திருக்கு, தான் உருக்கின தண்ணில தானே இறங்கிக்கிட்டே போகுது. கரி போட்டது முதல்ல தண்ணியாச்சு, சும்மா வச்சது அடுத்து, மரத்தூள் போட்டத மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து கிளறி பாத்தா உள்ள இன்னும் கட்டி கிடக்கு. (மாடி பூரா மரத்தூள் பறந்ததுக்கு வீட்டுல வாங்கிக் கட்டினது தனிக்கதை.)

பனிமலைலயும் இதே கணக்குதான். மண்ணும் கல்லும் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல கனமா மூடிக் கிடந்தா அது போர்வை மாதிரி, வெயில் உள்ள இறங்காது. அந்த கனத்துக்கு கம்மியா, மெல்லிசா தூவின மாதிரி கிடந்தா அதுதான் அடுப்பு. அப்போ கட்டியாவே கொட்டிரலாமேன்னு அடுத்த லெட்டர் போட்டுராதீங்க, இமயமலைய மூடுற அளவுக்கு நம்மகிட்ட மரத்தூள் கிடையாது.

காரணம் ரொம்ப சிம்பிள். புதுசா விழுந்த பனி தன் மேல விழுற வெயில்ல 80-90 சதவீதத்த திருப்பி அனுப்பிரும். வெள்ளையா இருக்கதுதான் அதோட காவல். டீசல் புகை, செங்கச்சூளை, நிலக்கரி, விறகடுப்பு, காட்டுத்தீ, வயல்ல வைக்கோல் கொளுத்துறது, இதுல இருந்தெல்லாம் வர்ற கருப்புக்கரி அந்த வெள்ளைய கொஞ்சம் மங்க வச்சா போதும், வெயில் உள்ள போகும். 100 கோடி பங்கு பனில பத்து இருபது பங்கு கரி இருந்தாலே வித்தியாசம் தெரியும்னா, உங்க கைப்பிடி எவ்வளவு பெருசுன்னு நீங்களே பாத்துக்கங்க.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, "படியுது"ங்கிற வார்த்தைய நாம சரியா கவனிக்கிறதில்ல. மேல உள்ள பனி உருகி தண்ணியா ஓடிரும், ஆனா கரில பெரும்பங்கு ஓடாம அங்கயே தங்கிரும். இந்த வருஷக் கரியோட, கீழ புதைஞ்சு கிடந்த பழைய வருஷக் கரியும் மேல தலைகாட்டும், எல்லாம் ஒரே இடத்துல சேரச் சேர கருப்பு கூடும், கருப்பு கூடினா உருக்கம் கூடும், உருகினா இன்னும் பழைய கரி வெளிய வரும். கந்துவட்டி மாதிரிதான், அசல் கொஞ்சம், குட்டி போட்டே ஆள முழுங்கிரும்.

பக்கத்துல ஃபேக்டரி இல்லியேன்னு கேட்டீங்க. திபெத்துல ஷிஷாபங்மா மலைகிட்ட தாசுவோபுன்னு ஒரு பனிப்பாறை, 7,200 மீட்டர் உயரம், அங்க ஆடு கூட போகாது. 1997-ல அங்க பனிய துளைச்சு உருளை உருளையா வெட்டி எடுத்தாங்க. மரத்துல வளையம் எண்ணுற மாதிரி அந்த ஐஸ்ல வருஷத்த எண்ணலாம். அத ஆராய்ஞ்சு ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க 2020-ல சொன்னது, 1780 வாக்குலயே அதுல நிலக்கரி எரிச்ச புகைல வர்ற உலோகத் தூள் வர ஆரம்பிச்சிருக்கு, பெரும்பாலும் ஐரோப்பால இருந்து மேல்காத்துல வந்ததா இருக்கும்னு. எவரெஸ்ட் உச்சில மனுஷன் கால் வைக்கதுக்கு 170 வருஷம் முன்னாலயே ஆலைப்புகை அந்த உயரத்துக்குப் போய் சேந்தாச்சு. பக்கத்துல ஃபேக்டரி வேணும்னு காத்துக்கு ஒரு சட்டமும் இல்ல அண்ணே.

நம்ம கங்கோத்ரிக்கு வருவோம், கங்கை கிளம்புற பனிப்பாறை அது. டேராடூன்ல இமயமலைய ஆராயுற வாடியா இன்ஸ்டிட்யூட்காரங்க, பனிப்பாறைக்கு கீழ சீர்பாசாங்கிற இடத்துல, சுமார் 3,600 மீட்டர் உயரத்துல கருவி வச்சு காத்துல உள்ள கரிய அளந்தாங்க. மே மாசம் கூடுதல், மழை மாசத்துல குறைவு. மேல பனி உருகுற சீசன், கீழ காடும் வயலும் எரியிற சீசன், ரெண்டும் ஒண்ணா வருது பாருங்க.

கரி மட்டும் இல்ல. 1870-ல நோர்டென்ஷோல்டுன்னு ஒரு ஸ்வீடன்காரர் கிரீன்லாந்து ஐஸ் மேல நடந்தப்போ, நம்ம கடற்கரைல நண்டு வளை இருக்கும்லா, அதே மாதிரி ஐஸ் பூரா குழி, அடில கருப்புச் சேறு கிடக்கத பாத்து அதுக்கு கிரையோகோனைட்னு பேர் வச்சார், அதாவது குளிர்த்தூசி. எனக்க மாடிக் கிண்ணத்துல கண்டதேதான், பெரிய சைஸ்ல. தூசி, கரி, அதுல வளர்ற பாசி எல்லாம் ஒட்டிச் சேந்த சேறு அது, வர்ற விஷத்த எல்லாம் பிடிச்சு வச்சுக்கும். அணுகுண்டு சோதனைலயும் செர்னோபில் அணுஉலை விபத்துலயும் கிளம்பின சீசியம்-137-ங்கிற கதிரியக்கப் பொருள் ஆல்ப்ஸ் மலைல இந்தச் சேத்துலதான் குமிஞ்சு கிடக்கு. கதிரியக்கம்னதும் நமக்கு மணவாளக்குறிச்சி மணல்தான் ஞாபகம் வரும், ஆனா அது பூமிலயே கிடந்த தோரியம், இது மனுஷன் கையால செஞ்சு பறக்கவிட்டது.

அப்புறம் டிடிடி. சின்ன வயசுல கொசுவுக்குன்னு வீட்டுச் சுவத்துல மருந்தடிச்சு தேதி எழுதிட்டுப் போவாங்களே, அந்த டிடிடி. சூடான ஊர்ல ஆவியாகி, குளிர்ந்த ஊர்ல இறங்கி, இப்படி தாவித்தாவி போய் பனிலயே தங்கிரும். ஸ்விட்சர்லாந்துல ஓபரார்னு ஒரு பனிப்பாறை, அதுக்கு கீழ அணைத்தண்ணி நிக்கிற ஏரி. ஏரி அடிச்சேத்த எடுத்து பாத்தா, இந்த மாதிரி மருந்துகள தடை பண்ணின பிறகு குறைஞ்ச அளவு 1990-களுக்கு அப்புறம் திரும்ப ஏறியிருக்கு. அடிச்சவன் நிறுத்தியாச்சு, பழைய பனி உருகி இப்போ திருப்பித் தருது.

சரி, கன்னியாகுமரிக்கு என்னன்னு கேட்டீங்க. நம்ம அண்டி ஆபீஸ் (முந்திரி ஃபேக்டரி) புகையும் ரப்பர் ஷீட் புகையும் நேரா கங்கோத்ரிக்குப் போகுதுன்னு சொன்னா நான் பொய்யன், ரெண்டு பருவமழை பெய்யிற ஊரு, பாதி இங்கயே கழுவிரும். ஆனா மறுபக்கத்த பாருங்க. சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் படிச்ச வி. ராமநாதன், பிறகு அமெரிக்கா போய் பெரிய விஞ்ஞானியா ஆனவர், அவரு 1999-ல மாலத்தீவு பக்கம் விமானமும் கப்பலுமா ஆய்வு நடத்தினப்போ, குளிர்காலத்து வடகிழக்குக் காத்துல இந்த உபகண்டத்துப் புகை மூணு கிலோமீட்டர் கனத்துல பழுப்பு மேகமா இந்துமகாக் கடல் மேல கிடந்தத கண்டாங்க. அந்தக் கடல்ல நமக்க கடலும் உண்டு. ஜனவரில முக்கடல் பக்கம் சூரிய உதயம் பாக்க வந்தவன் மங்கலா இருக்குன்னு நம்மள திட்டுறப்போ கொஞ்சம் வடக்கயும் கை காட்டலாம்.

பயமுறுத்துறேன்னு சொன்னீங்கல்லா, அதுக்கும் பதில் அதே ஐஸ்லதான் இருக்கு. பூமிக்கு வயசு 455 கோடி வருஷம்னு கணக்குப் போட்டுச் சொன்ன கிளேர் பேட்டர்சன், அந்த வேலைல எங்க தொட்டாலும் ஈயம் கலந்து கணக்கு கெடுறத பாத்து எரிச்சலாகி, கிரீன்லாந்து பனிய வெட்டிப் பாத்தார். பழங்காலத்து பனிய விட 1960-கள் பனில ஈயம் 200 மடங்கு, பெட்ரோல்ல ஈயம் கலந்ததுல கடைசிக் கட்டம் அப்படியே எகிறியிருக்கு. கம்பெனிக்காரங்க அவர வாய மூட வைக்க என்னெல்லாமோ பாத்தாங்க. அப்புறம் அமெரிக்கால ஈய பெட்ரோல குறைச்சதும் இருபது வருஷத்துல கிரீன்லாந்துப் பனில ஈயம் ஏழுல ஒரு பங்குக்கு இறங்கிச்சு. நாம 2000-ல நிறுத்தினோம். கரி அத விட சுலபம், காத்துல அது நிக்கதே சில நாள்தான், கார்பன் டை ஆக்ஸைடு மாதிரி நூத்தாண்டு கணக்கு இல்ல. இன்னைக்கு சூளைய சரி பண்ணினா அடுத்த சீசன்ல விழுற பனி கொஞ்சம் வெள்ளையா விழும்.

நம்பிக்கை இல்லன்னா கிண்ணம், தண்ணி, சிட்டிகை கரி, இவ்வளவுதான் செலவு. கருங்கல்ல மழை இல்லாத நாளா பாத்து செய்யுங்க, மரத்தூள மட்டும் வீட்டுல கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.